பச்சையம்மாள் அக்கா காரில் ஏற்றிச் சென்றவர்கள்

ஆரணியில் அம்மாவுக்கு மதியக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதற்காகத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தேன். கைப்பேசியில் கவிதாவின் பெயர் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் பச்சையம்மாள் அக்காவின் மகள் அவள். அக்கா தான் பேசாமல் மகளைப் பேச விடுகிறார், சமாதானத் தூது வருகிறது என்று நினைத்தேன். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா டூட்டிக்குக் கெளம்பிகினு இருந்தாங்க ஆன்ட்டி. ஷூ மாட்டக் குனிஞ்சாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க" என்றாள் கவிதா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. அம்மா என்னவென்று கேட்டதும் நினைவிருக்கிறது. என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அன்று மாலையே நீங்களெல்லாம் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள். என் நர்சிங் பள்ளித் தோழிகள், இங்கிலாந்தில் நாங்கள் இருந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், வார்டில் கூட வேலை பார்க்கிறவர்கள். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். உன் உயிர்த் தோழி போய்விட்டாளே என்றீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன். பத்து மாதமாக நான் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இனி நான் சொல்லாவிட்டால் அது அப்படியே மறைந்துவிடும். அவர் போன பிறகு அவர் கட்டிக் காத்த மரியாதையில் நான் ஒளிந்துகொள்வது அசிங்கம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டுக்காரர்கள்; அம்மா ஆரணிக்குக் குடிவந்தது பிறகுதான். நான் நெசவுத் தெரு. அவர் ஊருக்கு வெளியே வயலை ஒட்டிய காலனி. எங்கள் வீட்டில் நாலு தறி ஓடியது. அவர் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனார்கள். இரண்டு தெருவுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். இருந்தும் நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது இங்கிலாந்தில், ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில். என் டிபன் பெட்டியில் எலுமிச்சைச் சோற்றைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அடிப்பாவி, ஒரே ஊருகாரிங்க மூஞ்சி பாத்துக்க ஏரோப்ளேன் ஏற வேண்டியதா பூட்ச்சே" என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அன்று முதல் அவர் எனக்கு அக்கா.

மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே சட்டியில் குழம்பு வைத்தோம். பிறகு அவர் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஆனார். காலில் ஆறாத புண் உள்ள கிழவர்கள், படுக்கையிலிருந்து எழ முடியாத கிழவிகள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்குவார். வெள்ளைக்காரர்கள் அவரை பாட்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் வாயில் நுழைந்தது. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. காலனியில் தன்னைக் கூப்பிட்ட பெயர்களோடு பார்த்தால் பாட்ஸி எவ்வளவோ மேல் என்பார்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்களுக்கும் அந்த நாட்டில் ஓட்டு உண்டு என்று தெரிந்தபோது நான் நம்பவில்லை. அக்கா அன்றே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அந்த நாட்டு ஓட்டுச்சீட்டில் பென்சிலால்தான் எல்லோரும் குறி போடுவார்கள். பென்சிலை நூலில் கட்டி வைத்திருப்பார்கள். அக்கா கைப்பையில் தன் பேனாவை எடுத்துக்கொண்டு போவார். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். எந்தத் தேர்தலானாலும் அவருக்கு முன் இன்னொருவர் ஓட்டுப் போட்டதில்லை. என்னக்கா, ஓட்டு தீர்ந்துபோய்விடுமா என்று நான் கிண்டல் செய்வேன். "தீந்துபூடும் விமலா, உனுக்குத் தெரியாது" என்பார். அதை விளையாட்டுப் பேச்சு என்றே வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த இடைத்தேர்தல் வந்தது. எங்கள் தொகுதி எம்.பி. பாதியில் பதவியை விட்டு விலகினார். நான் அங்கே போனதிலிருந்து அந்தத் தொகுதி எங்கள் கட்சியிடம்தான் இருந்தது. நானும் அக்காவும் அந்தக் கட்சியில்தான் உறுப்பினர்கள். இந்த முறை எதிரே நின்ற கட்சி, எங்களைப் போன்றவர்கள் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள் என்று துண்டுப்பிரசுரம் அடித்து வீட்டுக்கு வீடு போட்டது. என் வீட்டுக் கதவிலும் ஒன்று செருகியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் அந்த ஊர்க்காரர்களின் மலச்சட்டி எடுத்திருக்கிறேன். இந்தத் தேர்தலில் தோற்றால் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அது பயம்தான். கோபம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

இருவரும் விடுமுறை நாளெல்லாம் வீடு வீடாகப் போனோம். ஒலிபெருக்கி இல்லை, ஆட்டோ இல்லை, மாலை இல்லை. சட்டையில் ஒரு ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு கதவு கதவாக மணி அடிக்க வேண்டும். "சாவு வூட்டுக்குக்கூட இதவிட சத்தமா இருக்கும். இன்னா எலக்ஷன் இது" என்று அக்கா அலுத்துக்கொள்வார். ஆனால் கதவு திறந்ததும் ஆளே மாறிவிடுவார். ஓட்டைப் பற்றி முதலில் பேசவே மாட்டார். கால் வீக்கம் எப்படி இருக்கிறது, மாத்திரை வாங்கினீர்களா என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். ஒரு வீட்டு ஜன்னலில் எதிர்க்கட்சியின் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. நான் அந்த வீட்டைத் தாண்டிப் போனேன். அக்கா நின்று மணி அடித்தார். டோரின் என்ற எண்பத்தெட்டு வயதுக் கிழவி வந்தாள். அக்கா அவள் காலைக் குனிந்து பார்த்து, புண்ணின் கட்டைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

தேர்தல் நாளன்று நான் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நடக்க முடியாத எங்கள் ஆதரவாளர்கள் யார் யார், எந்தக் கார் யாரை அழைத்துவர வேண்டும் என்ற பட்டியல் என் கையில். அக்காவின் கார் ஐந்தாம் நம்பர். காலையில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அக்கா கணக்கில் இரண்டு பேர் மீதி. இருவரும் தனியாக இருக்கும் வயதானவர்கள். கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் காத்திருக்கிறோம், கார் வரவில்லை என்று அவர்கள் அடுத்தடுத்து எனக்குப் போன் செய்தார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"டோரினோட பஸ் பாஸ தேடிகினு கீறேன் விமலா. இதோ ஜல்தியா வந்துட்றேன்" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நடந்தது இதுதான். அக்கா எங்கள் பட்டியலில் இருந்தவர்களோடு, தன் நோயாளிகளில் நகர முடியாத இன்னும் ஐந்து பேரையும் தானாகவே வாக்குச்சாவடிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஐவரும் யாருக்குப் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். டோரினை இறக்கிவிட்டபோது அவளிடம் புகைப்பட அடையாள அட்டை இல்லை. இப்போதெல்லாம் அங்கே அது இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. சாவடியில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பரவாயில்லை, வீட்டுக்கே போகலாம் என்று டோரினே சொல்லியிருக்கிறாள். அக்கா விடவில்லை. வீட்டுக்குத் திரும்பி, இழுப்பறை, கைப்பை, அலமாரி என்று எல்லாம் துழாவி, கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் முதியோர் பஸ் பாஸைக் கண்டுபிடித்து, மறுபடி சாவடிக்குக் கூட்டிப்போய் ஓட்டுப் போட வைத்திருக்கிறார். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அதன் பிறகு எங்கள் ஆட்கள் இருவரின் வீட்டுக்கும் போனார். ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார். இன்னொருவர் கதவையே திறக்கவில்லை. வேறு காரை அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பியிருக்கலாம். அக்காவைத் திட்டுவதில் மும்முரமாக இருந்த நான் அதைச் செய்யவில்லை.

மறுநாள் காலையில் எண்ணினார்கள். இரண்டாவது முறையும் எண்ணினார்கள். தொகுதி கை மாறியது. எவ்வளவு வித்தியாசம் என்றால், இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம்.

ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் அக்காவைப் பிடித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நம்மைத் துரத்த வருகிறவர்களை நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு போய் ஜெயிக்க வைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். அது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றிவிட்டது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"எவ்ளோ படிச்சாலும், எந்த தேசத்துக்கு வந்தாலும், உங்க ஆளுங்க புத்தி மட்டும் போவாது."

வாய் தவறி வந்தது என்று எழுத மாட்டேன். மூன்று ஆண்டுகள் ஒரே சட்டியில் தின்ற பிறகும் அது எனக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. வெளியே வர ஒரு தேர்தல் தோல்வி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அக்காவின் முகம் மாறவில்லை. இந்த வார்த்தையை அவர் என்னிடம் என்றாவது ஒருநாள் எதிர்பார்த்தே இருந்தார் போலிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை.

கார்க் கதவைத் திறந்து என்னை உள்ளே உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நனைந்துகொண்டே நின்றேன். அவரும் நனைந்துகொண்டே சொன்னார். அவருடைய அப்பாவுக்கு முதன்முதலில் ஓட்டு வந்த வருடம். முள்ளிப்பட்டில் நெசவுத் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. அந்தப் பள்ளியில்தான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நடக்க முடியாத தன் தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்றவர்கள், உங்கள் தெரு ஓட்டெல்லாம் போட்டாகிவிட்டது, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். தோளில் இருந்த தாயை இறக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் போனார்.

"அதுக்கப்பறம் எலக்ஷன் வந்தா எங்கப்பாரு தள்ளுவண்டி ஒண்ண எரவல் வாங்கிகினு வருவாரு. நட்க்க முடியாதவங்க யாரா இருந்தாலும் ஏத்திகினு போவாரு. உங்க தெருகாரங்களகூட" என்றார் அக்கா. "எவனுக்குப் போடப் போறன்னு கேக்கக் கூடாது, வாசல்ல வுட்டுட்டு வெளிய நிக்கணும். இதான் அவரு சொல்றது. டோரின திருப்பி அனுப்சாங்க பாரு, எனுக்கு எங்கப்பாரு தோள்ல இருந்த ஆயா ஞாபகம்தான் வந்துச்சி. தொகுதி இன்னொரு தபா வரும் விமலா. அந்தக் கெழவிக்கு இன்னொரு தபா வருமா?"

ஏழு மணிக்கு முதல் ஆளாக நின்றது எதற்கு, யாரும் அழிக்க முடியாத பேனா எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் திரும்பி நடந்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தைரியமில்லை. எங்கள் தெருவில் அந்த நாளில் கட்சி வேலை பார்த்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்று எங்களுடையது.

பொங்கலுக்கு என் வார்டு மேசையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியில் அக்காவின் கையெழுத்தில் என் பெயர். நெய் வாசம் வந்தது. நான் அதைத் திறக்காமல் மற்ற நர்சுகளைச் சாப்பிடச் சொன்னேன். மிக நன்றாக இருந்தது என்று கழுவிக் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் பேச வேண்டியிருக்குமே என்று அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பிறகு பேசலாம், வெயில் காலம் வரட்டும், ஊருக்குப் போய்விட்டு வந்து பேசலாம் என்று தள்ளிப்போட்டேன். நான்தான் தப்பு செய்தவள் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அதனால்தான் போக முடியவில்லை.

செய்தி வந்த மறுநாள் முள்ளிப்பட்டுக்குப் போனேன். பிறந்து வளர்ந்த ஊரில் அந்தக் காலனிக்குள் என் கால் பட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் அண்ணன் ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயது பெரியவர். உட்காருங்கள் அண்ணா என்று நான் சொல்லச் சொல்ல உட்காரவில்லை. கடைசியில் நான் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

"வாரா வாரம் போன்ல உங்களப் பத்திதான் சொல்லிகினு இருக்கும். போன வாரங்கூட, விமலா அம்மாவுக்கு இடுப்பு ஒட்ஞ்சி பூட்ச்சி, ஆரணிக்குப் போயி பாத்துட்டு வாண்ணான்னு சொல்லிச்சி. நான்தான் உங்க வூட்டுக்கு எப்டி வர்றதுன்னு நின்னுட்டேன்" என்றார்.

நாங்கள் சண்டை போட்டதாக அக்கா சொன்னாரா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதுக்கு சண்டை என்று திருப்பிக் கேட்டார். நான் அங்கேயே உடைந்து அழுதேன். தோழி செத்த துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர் டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இறுதிச்சடங்குக்கு நான் போக முடியவில்லை. அம்மா இன்னும் வாக்கரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்த ஊர்த் தகன மண்டபத்தில் நடப்பதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். அதை ஏழுமலை அண்ணன் வீட்டில் என் கைப்பேசியில் பார்த்தோம். காலனிப் பெண்கள் எல்லோரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். கவிதா முன்வரிசையில் இருந்தாள். இரண்டாம் வரிசையில் நரைத்த தலைகள். தடித்த கட்டுப் போட்ட ஒரு கால் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அது டோரின். அவள் பக்கத்தில் அந்த ஐவரில் இன்னும் மூவர். ஒருவர் மடியில் ஆக்சிஜன் குழாய். பேச அழைத்தபோது டோரின் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே, "பாட்ஸி என்னை அழைத்துப் போகத் திரும்பி வந்தாள்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஆங்கிலத்தை நான் தமிழில் சொன்னேன்.

அவர்கள் எல்லோருமே தனியாகப் படி இறங்க முடியாதவர்கள். அவர்களை அங்கே கூட்டிவந்தது யார் என்றே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் கார் எடுத்துப் போயிருக்கிறார். அது நானாக இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் கவிதா அக்காவின் காரைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாக ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. இது என்ன ஆன்ட்டி என்று கேட்டிருந்தாள். பேனாவால் எழுதிய பட்டியல். மேலே, அடுத்த எலெக்ஷன் என்று போட்டுக் கோடு இழுத்திருந்தது. முதல் இரண்டு பெயர்கள், அன்று ஜன்னலோரம் காத்திருந்து காத்திருந்து ஓட்டுப் போடாமலே போன எங்கள் ஆட்கள் இருவருடையவை. அவற்றுக்கு நேராக, 'விமலா ஆளுங்க. காலைல மொதல்ல இவங்க' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அந்த ஐவர். டோரினுக்கு நேராக, 'பஸ் பாஸ் பிஸ்கட் டப்பாவுல கீது. கார்ல ஏத்தறதுக்கு முன்னாடி பாத்துக்கணும்.'

என் கத்தலில் நியாயமாக இருந்த அந்த ஒரு துளியை மட்டும் அவர் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். மற்றதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அக்கா, நான் சொன்னது தப்பு. மழையிலேயே சொல்லியிருக்க வேண்டும். தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்து உங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டும். உங்களைத் தெரிந்த இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். நீங்கள் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அடுத்த மாதம் நான் திரும்பிப் போகிறேன். அக்காவின் சொத்தில் எனக்கென்று இருப்பவை ஒரு தூக்குச்சட்டியும் அந்தப் பட்டியலும்தான். தூக்குச்சட்டியைக் கவிதாவிடம் கொடுத்துவிடுவேன். பட்டியலை அவளிடம் வாங்கி வைத்துக்கொள்வேன். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், அந்த ஏழு பேரில் அன்றைக்கு யார் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களை நான் ஏற்றிக்கொண்டு போவேன். முதலில் பிஸ்கட் டப்பாவைப் பார்ப்பேன். டோரின் யாருக்குப் போடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்க மாட்டேன். வாசலில் விட்டுவிட்டு வெளியே நிற்பேன்.